முன் சீட்டுப் பேச்சு

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் முன் சீட்டு யாருக்கு என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வயதில் மூத்தவருக்கோ, டிரைவருக்கு வேண்டப்பட்டவருக்கோ அது கிடைத்துவிடாது. பேசத் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த இடம். விடியுமுன்னே எழுந்து, ஊர் ஊராக ஆள் எடுத்து, முந்தல் தாண்டி மலை ஏறும் நேரத்தில் டிரைவருக்குக் கண் சொக்கும். வளைவுக்கு வளைவு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேருடைய உயிரும் அவனுடைய இமையில்தான் இருக்கிறது. ஆகவே முன் சீட்டுக்காரி மலை உச்சியில் போடிமெட்டு வரும்வரை வாயை மூடக்கூடாது.

யோகராஜின் ஜீப்பில் அந்த இடம் சந்திரவல்லிக்கு. ரேஷன் கடைச் சண்டையைச் சொன்னாலும் சரி, யார் வீட்டுச் சடங்கிலோ சாம்பார் பற்றாமல் போன கதையைச் சொன்னாலும் சரி, பின்னால் இருக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பத்து வருடம் முன்பு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிலமலைக்கு வந்து குடியேறியவள் அவள். எந்த ஊர் என்று கேட்டால் "சாத்தூர்ப் பக்கம்" என்பாள். புருஷன் எங்கே என்றால் "இருக்காக" என்பாள், அத்தோடு சரி. ஊர் உலகத்துக் கதையெல்லாம் பேசுகிறவள் அந்த ஒன்றை மட்டும் பேசுவதில்லை என்பது ஜீப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் நோண்டியதில்லை.

எல்லா ஜீப்புக்கும் ஒரு சந்திரவல்லி கிடைப்பாளா? மற்ற டிரைவர்கள் யோகராஜைப் பார்த்துப் பொருமினார்கள். அவனும் தாராள மனசுக்காரன். அவள் பேசப் பேசத் தன் செல்போனில் பதிவு செய்து, டிரைவர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவான். முன் சீட்டில் ஊமை உட்கார்ந்திருக்கும் வண்டிக்காரர்கள் மறுநாள் காலை அதை ஓடவிட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள். எங்கோ பூப்பாறைப் பக்கம் முகம் தெரியாத டிரைவர் ஒருவன் தன் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வளைவு திரும்புகிறான் என்பதில் சந்திரவல்லிக்கும் கொஞ்சம் கர்வம்தான். மேலே குரங்கணிப் பாதையில்கூட ஓடுகிறதாம் என்று மகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். இந்தப் பாழாய்ப் போன கர்வம்தான் கடைசியில் அவளை மாட்டிவிட்டது.

அன்று மேகம் கீழே இறங்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் முட்டி நின்ற இடத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. யோகராஜின் தலை ஒரு தரம் முன்னால் சாய்ந்து நிமிர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். கைவசம் இருந்த சிரிப்புக் கதைகள் இதற்குப் போதாது என்று பட்டது. முந்தின நாள் டிவியில் பார்த்தது நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. அதை எடுத்தாள்.

புதுப் பிரதமர் பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வடக்கே வெள்ளச் சேதம் பார்க்கப் போன இடத்தில், நிலவரம் சொல்ல எழுந்த கலெக்டர் பெண்ணை, நான் கிளம்பும்வரை நீ உட்காரக் கூடாது என்று சத்தம் போட்டு நிற்கவைத்தார். கையிலிருந்த காகிதங்களை அவள் காலடியில் வீசினார். அடுத்த நிமிடமே கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். டிவி அதைத் திருப்பித் திருப்பிக் காட்டியது.

"என்னா தைரியம்க்கா அவருக்கு," என்றான் யோகராஜ், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "இப்பிடி ஒரு ஆளுதான் நாட்டுக்கு வேணும்ங்கிறாக."

"எதுடா தைரியம்? எதுத்துப் பேச முடியாத பிள்ளையைப் பாத்துக் கத்துறதா? முழிச்சுக்க யோகு, ரோட்டைப் பாரு. கோவம் யாருக்குத்தான் வரலை? எனக்கு வரும், ஒனக்கு வரும். நான் அதைச் சொல்லலை. அவரு கத்துறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருந்த மந்திரி என்னா செஞ்சாருன்னு பாத்தியா? மேசையில இருந்த தண்ணிக் கிளாசை மெல்ல நகட்டி வச்சாரு. எதுக்கு? இவரு கைக்கு எட்டக் கூடாதுன்னு. இப்ப வரப்போகுதுன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்பிடித் தெரிஞ்சுச்சு? இவரு பேனாவை மேசையில போட்டு ஒத்த விரலால சுத்திக்கிட்டு இருந்தாருல்ல, அதை வச்சு. அப்பிடி ஒரு வீட்டுல பழகுனவகளுக்குத்தான் அது தெரியும்."

"எப்பிடி ஒரு வீட்டுல?"

"எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு ஆளு, சாப்பாட்டுத் தட்டை இதே மாதிரி ஒத்த விரலால சுத்துவாரு. தட்டு சுத்த ஆரம்பிச்சுட்டா, பொண்டாட்டி கொழம்புச் சட்டியைத் தள்ளி வைப்பா. பிள்ளை கட்டிலுக்கு அடியில போயிரும். தட்டு பறக்கும். எல்லாம் முடிஞ்சதும் வாசல்ல போயி நின்னு, தெருவுல போறவுககிட்ட 'சாப்பிட்டீகளா'ன்னு சிரிப்பாரு. தெருவுல அவருக்குத் தங்கமான மனுசன்னு பேரு."

பின்னால் இருந்த சலசலப்பு நின்றுபோயிருந்தது. சந்திரவல்லி அதைக் கவனிக்கவில்லை. யோகராஜின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அதுதானே அவளுக்கு வேண்டியது, நிறுத்தாமல் போனாள்.

"அந்த வீட்டுல அடி விழுகுற நாளைவிட அடி விழுகாத நாளு கொடுமைடா. இன்னைக்கு மூஞ்சி எப்பிடி இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்குறதே சோலியாப் போயிரும். பிள்ளைக்குக் காச்சல்னாச் சொல்லப் பயமா இருக்கும். இப்ப மந்திரிமாருக்கும் அதே சோலிதான். செத்தது எத்தனை பேருன்னு நெசத்தைச் சொன்னா கோவிப்பாகளோன்னு கொறைச்சுச் சொல்லுவாக. அவரும் அதை நம்பிக்கிட்டு எல்லாம் நல்லாத்தான் நடக்குதும்பாரு. வீட்டுல அப்பிடி ஒரு ஆளுன்னா ஒரு பொம்பளை தப்பிச்சு ஓடலாம். நாட்டுக்கே அப்பிடி ஒரு ஆளுன்னா எங்கிட்டுடா ஓடுறது?"

போடிமெட்டு வந்துவிட்டது. யோகராஜ் டீ குடிக்க இறங்கினான். பழக்கதோஷம், பதிவைக் குழுவில் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். அதில் என்ன இருக்கிறது என்று அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. தூங்காமல் மேலே வந்து சேர்ந்ததே பெரிய காரியமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில், தோட்டத்தில் குனிந்து ஏலச் செடியின் தூரில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வரிசையிலிருந்து மகாராணி செல்போனை நீட்டினாள். ஜீப்பில் தினமும் கூட வருகிறவள் அவள்.

"அக்கா, இங்க பாருங்க. ஒங்க பேச்சைப் பிரதமர் படத்து மேல ஒட்டி விட்டுருக்காங்க. திருப்பூர்ல இருந்து எங் கொழுந்தன் அனுப்பியிருக்கான்."

சந்திரவல்லியின் கை அப்படியே நின்றது. இடுப்பில் கட்டியிருந்த பை அவிழ்ந்து, எடுத்த காயெல்லாம் ஈரச் சருகில் கொட்டியது. மகாராணி, பிரதமருக்குத்தான் அவள் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பிரதமர் எங்கோ டெல்லியில் இருக்கிறார். தவசி திருப்பூரில் இருக்கிறான்.

தவசி என்பது அந்தத் தட்டைச் சுற்றுகிற ஆள்; சாத்தூரை விட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்குத் தாலி கட்டியவன். எங்கே போனாலும் தேடி வந்து ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவேன் என்று சொன்னவன், சொன்னதைச் செய்யக்கூடியவன். பத்து வருடமாக அவள் ஒரு போட்டோவுக்கு நின்றதில்லை. கல்யாண வீட்டு வீடியோக்காரன் வந்தால் சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். முகத்தை இத்தனை பத்திரமாக ஒளித்துவைத்தவளுக்குக் குரலை ஒளிக்க வேண்டும் என்று தோன்றாமல் போயிற்றே! அந்தத் தட்டையும் கட்டிலையும் கேட்ட மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுமே. போதாததற்கு யோகு என்று பேரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அன்று பொழுதுக்கும் அவள் ஒரு கிலோகூட எடுக்கவில்லை. கங்காணி சத்தம் போட்டது காதில் ஏறவில்லை.

திருப்பூர்க்காரனுக்கு முன்னால் போடிக்காரர் வந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் யோகராஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, செருப்பால அடிங்க என்னைய. ராம்பிரசாத் கூப்பிட்டு விட்டாரு."

பிரதமருடைய கட்சிக்குப் போடி நகரப் பொறுப்பாளர் ராம்பிரசாத். யோகு என்கிற பேரை வைத்து, ஜீப் ஸ்டாண்டில் விசாரித்து, ஆளைப் பிடித்துவிட்டார்.

"நாளைக்கு அவரு வீட்டுக்கு வந்து, மொகத்தைக் காட்டி, பேரு ஊரு சொல்லி, மன்னிப்புக் கேட்டு வீடியோ குடுக்கணுமாம். இல்லைன்னா திங்கக்கெழமை டேசன்ல கம்ப்ளைண்டு குடுத்துருவேங்கிறாரு. போன மாசம் இப்பிடிப் பேசுனவன் ஒருத்தன் இன்னும் உள்ளதான் இருக்கானாம். ஏங்க்கா, ஒரு நிமிசம் தலையைக் குனிஞ்சா முடிஞ்சுபோச்சு. கேட்டுட்டு வந்துருவோம்."

அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்கு ஒரு பக்கம் கிணறு, மறு பக்கம் பள்ளம். வீடியோ கொடுத்தால் தவசிக்கு முகமும் ஊரும் கிடைத்துவிடும். கொடுக்காவிட்டால் கேஸ், பேப்பரில் பேர், அப்போதும் அவனுக்கு எல்லாம் கிடைத்துவிடும்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் தமிழினி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யோகராஜ் போனதும் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தாள்.

"என்னாடி செய்யுற?"

"கெளம்ப வேண்டாமா? எந்த ஊருக்கும்மா இந்தத் தடவை?"

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மகள் சாதாரணமாகக் கேட்டதுதான் சந்திரவல்லிக்குப் பொறுக்கவில்லை. துணிகளைப் பிடுங்கித் திரும்ப உள்ளே வைத்தாள். "எங்கயும் போகலை. நான் பேசிப் பாக்குறேன். எனக்குப் பேசத் தெரியும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராம்பிரசாத்தின் வீடு. யோகராஜ் தெருமுனையில் ஜீப்பை நிறுத்திக்கொண்டான், அவள் மட்டும் உள்ளே போனாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ராம்பிரசாத் நாற்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். செல்போன் ஓயாமல் அடித்தது. கட்சி மாவட்டத் தலைவர் தேனிக்கு வருகிறாராம். ராம்பிரசாத்தின் மனைவி முத்துப்பிரியா காபி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். முப்பது வயதிருக்கும்.

"ஏம்மா, நாட்டோட பிரதமரைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கு?"

"தகுதி ஒண்ணும் இல்லைங்க சார்."

"எந்தக் கட்சிக்காரன் எழுதிக் குடுத்தான்?"

"யாரும் எழுதிக் குடுக்கலைங்க. டிரைவர் தூங்கக் கூடாதுன்னு பேசுனது. அவ்வளவுதான் சார்." கையைக் கூப்பினாள். "சார், மன்னிப்புக் கேக்க மாட்டேன்னு நான் சொல்லலை. பேசித்தானே தப்புப் பண்ணேன், பேசியே மன்னிப்புக் கேட்டுர்றேன். மொகம் மட்டும் வேண்டாம் சார். எம் புருசன் கண்ணுல பட்டா எங்களைக் கொன்னுருவாரு. எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு."

"அது உன் குடும்பப் பிரச்சினை. அதைக் கொண்டாந்து நாட்டுப் பிரச்சினையோட கலந்தது நீதானே?"

"சார், தயவு செஞ்சு..."

ராம்பிரசாத் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். அவ்வளவுதான் செய்தார். முத்துப்பிரியா சுவரோரத்திலிருந்து இரண்டு எட்டு வந்து, சூடாக இருந்த காபி டம்ளரை மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

சந்திரவல்லி அதற்குமேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கெஞ்சினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், சுவரோரத்தில் நிற்கிறவளுக்கும் தெரியும்.

"எடுத்துக்கங்க சார்," என்றாள்.

அவர் செல்போன் மறுபடி அடித்தது. "உன் போன்ல பிடி," என்று மனைவிக்குக் கையைக் காட்டிவிட்டு, ஒரு காதில் தலைவரோடு பேசிக்கொண்டே, இடையிடையே சந்திரவல்லிக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். முத்துப்பிரியா போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள்.

"எம் பேரு சந்திரவல்லி. போடி பக்கம் சிலமலை. விவரம் தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். எம் மேலதான் தப்பு. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கங்க. இனிமே பேச மாட்டேன்."

ஒரு இடத்திலும் தட்டவில்லை. தட்டாது. தவசியிடம் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தானே? அன்று வீட்டுக்குள் சொன்னதை இன்று ஊர் உலகத்துக்குச் சொல்கிறாள். அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது.

"அதை எனக்கு அனுப்பிவிடு, வழியில பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ராம்பிரசாத் காரை எடுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்பினார். போகிற போக்கில், "பயப்படாம போம்மா, இனிமே ஒழுங்கா இருந்தாச் சரி," என்று சிரித்தார்.

சந்திரவல்லி வாசலைத் தாண்டியபோது பின்னாலேயே முத்துப்பிரியா வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அக்கா, அதுல ஒண்ணும் விழுகலை. நான் பட்டனை அமுக்கவே இல்லை."

சந்திரவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உயிர் வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. "அய்யய்யோ, அவரு கேப்பாரே தாயி!"

"கேப்பாரு. வழியிலேயே போன் பண்ணுவாரு. நான் எடுக்க மாட்டேன். சாயந்தரம் வந்து கேப்பாரு."

"எதுக்கு இப்பிடிச் செஞ்ச? எனக்காகவா?"

முத்துப்பிரியா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. "ஒங்க பேச்சைக் கட்சிக்காரங்க யாரும் அவருக்கு அனுப்பலைக்கா. எம் போன்ல கேட்டாரு. எங்க அத்தை மக அனுப்பியிருந்தா. அடுப்படியில வச்சு நான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னது தெரியலை. 'யாரைப் பத்திடி இதைக் கேட்டுக்கிட்டு இருக்க?'ன்னாரு. பிரதமரைப் பத்தின்னேன். நம்பலை."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போனான். அவன் தாண்டும்வரை முத்துப்பிரியா கேட் கம்பியைக் கையால் துடைப்பதுபோல நின்றாள்.

"ஒரு பொம்பளை தப்பிச்சு ஓடலாம்னு சொன்னீங்கல்ல," என்றாள் முத்துப்பிரியா. "அந்த எடத்தைத்தான்க்கா கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க எப்பிடிக் கெளம்புனீங்க? பை எடுத்துக்கிட்டா, எடுக்காமயா? எந்தப் பஸ்சுல ஏறுனீங்க?"

சந்திரவல்லிக்கு ஓட வேண்டும் போல இருந்தது. தெருமுனையில் ஜீப் நிற்கிறது. ஏறிவிட்டால் இவள் யாரோ, நான் யாரோ. இவளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த ஆள் நேரே சிலமலைக்குத்தான் வருவான். கட்சி, போலீஸ், எல்லாம் அவன் பக்கம். தமிழினியை நினைத்தாள். மறுபடி அந்தத் துணிமூட்டை. எனக்கெதற்கு என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டாள்.

அதற்குமேல் அவளால் நடக்க முடியவில்லை. சாத்தூரில் அவள் தட்டிய கதவுகள் எத்தனையோ. திறந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், தங்களுக்கெதற்கு என்று நினைத்த நல்லவர்கள்.

"ஒனக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"சின்னமனூரு. அண்ணன் இருக்கான்."

"அண்ணன் வீட்டுக்குப் போகாத. நானும் மொதல்ல எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போனேன், அன்னைக்கே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாக. பையெல்லாம் எடுக்காத, தெருவுல பாக்குறவுக கேப்பாக. ஆதாரை எடு. கழுத்துல காதுல கெடக்குறது போதும். அடுப்பை அணைச்சுரு, டிவி ஓடட்டும். எதுத்த வீட்டுல யாரும் கேட்டா கடைக்குன்னு சொல்லு. வெரசா வா."

முத்துப்பிரியா உள்ளே போனாள். சந்திரவல்லி கேட்டுக்கு வெளியே நின்றாள். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரமா? மனசு மாறிவிட்டாளா? மாறியிருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முத்துப்பிரியா வாசலுக்கு வந்து படியில் நின்றுவிட்டாள். கையில் ஆதார் அட்டை மட்டும் இருந்தது. உள்ளே செல்போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான் தாயி. நான் கெளம்புன அன்னைக்கும் கை கால் வெடவெடன்னுதான் இருந்துச்சு. பயம் போகட்டும்னு நின்னா இங்கயேதான் நிக்கணும். வா."

செல்போன் மூன்றாம் தரம் அடிக்க ஆரம்பித்தது. முத்துப்பிரியா திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, கேட்டைக்கூடச் சாத்தாமல் தெருவுக்கு வந்தாள்.